நாற்பத்தெட்டு வாட்

பார்சலில் வந்தது:
பற்பசைக் குழாய் மாதிரி ஒரு ஜெல்,
பளிங்குபோல் பத்து நக அச்சு,
ரெண்டு பக்கமும் முரடான அரம்,
கவிழ்த்த சோப்பு டப்பாவாய் ஒரு விளக்கு.
எழுநூற்று நாற்பது ரூபாய்.
மன்னார்குடியில் இது நாலாவது டெலிவரி என்றான் கூரியர் பையன்.
மற்ற மூணு பேர் யாரென்று கேட்டிருக்கலாம்.

கடித்துக் கடித்துச் சதைக்குள் போன நகம் எனக்கு.
சிங்காரவேலு உரக்கடையில் பில் போடுகிறேன்.
பாக்கி கேட்கும்போது ஒரு விரல்,
போன போகத்திலேயே தீர்த்துட்டேனே என்பவரிடம் இன்னொரு விரல்,
மார்ச் கணக்குக்குப் பத்தும்.

நகத்தின் மினுமினுப்பை அரத்தால் போக்க வேண்டும்.
கூடப் போக்கினால் எரியும்.
ஒரு நெல் அளவு ஜெல்,
ம்ஹும், கட்டைவிரலுக்கு ரெண்டு நெல்,
அச்சில் வைத்து ஈரத் தூரிகையால் தட்டித் தட்டிப் பரப்பி
விரல்மேல் கவிழ்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
தோலில் படக்கூடாது. பட்டது.
வலது கை இடது கைக்குச் செய்தது ஒழுங்கு,
இடது கை வலது கைக்குச் செய்தது
சித்தாள் இல்லாத நாளில் கொத்தனார் பூசிய சுவர்.

விளக்குக்குள் கை. அறுபது விநாடி.
முப்பதில் சுருக்கென்று சுடும்.
எடுத்துவிடக் கூடாது என்று எழுதியிருந்தது,
எடுத்தேன், ஊதினேன், மறுபடி வைத்தேன்.

ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் போனது.
மேல்பூச்சு பூசிய ஈரத்தோடு இடது கை அந்தரத்தில்.
விளக்கைப் பவர்பேங்கில் செருகினேன்.
ருக்மணிப்பாளையம் முழுக்க இருட்டு,
பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இருட்டு,
கொல்லைக்குப் பின்னால் தொண்டைக் கதிரில் நிற்கும் சம்பா இருட்டு.
கார்த்திகை மாதத்தில் அத்தனை தூரத்துக்கும்
ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது
என் ஜன்னல் ஒன்றுதான்.

வந்துவிட்டன.
தலைமுடியில், தண்ணீர்ச் சொம்பில், காலண்டரில்.
ஒன்று விளக்குக்குள்ளேயே நுழைந்து
மோதிர விரலில் உட்கார்ந்தது.
தட்டிவிட இன்னொரு கையிலும் ஈரம்.
நாற்பத்தொன்பது, ஐம்பது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
அறுபதில் அது நகத்துக்குள் இருந்தது.

காலையில் பார்த்தால் கோதுமை நிறம்,
ஒரு சிறகு லேசாக விரிந்து, கால்கள் மடங்கி.
எதிர்க்கடை மும்தாஜ் கல் பதித்ததா என்றாள்.
ஆமாம் என்றேன்.

பதினோரு மணிக்கு எடமேலையூர் பக்கிரிசாமி
ரெண்டு மூட்டை யூரியாவுக்குப் பில் வாங்கும்போது
நோட்டை என் கையிலும் கொடுக்காமல் தன் பையிலும் வைக்காமல் நின்றார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது புகையான்ல?"

எந்தப் பக்கத்து வயல், என்றைக்கு, எத்தனை மணிக்கு
என்று விசாரணை.
சொன்னேன்.
"ஜன்னல் மேக்கயா?"
மேற்குதான்.
யூரியா வேண்டாம் என்றார்.
பயிர் கருகருன்னு இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்,
இன்னைக்கே தண்ணிய வடிக்கணும் என்று
வாசலில் நின்ற ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.
சாயங்காலத்துக்குள் ஒன்பது மூட்டை திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள்
விலைப்பலகையைப் பார்க்கிறதில்லை.
"கையக் காட்டும்மா" என்கிறார்கள்.
தூரில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.
நேற்று ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்,
என் முகம் விழாமல் பார்த்துக்கொண்டார்.

மும்தாஜ் மூணு நாள் பேசவில்லை. பிறகு
தனக்கும் ஒரு கை போட்டுவிடச் சொன்னாள்,
பூச்சி இல்லாமல்.

நகத்தை வாய்க்குக் கொண்டுபோகிறேன்,
அது பார்க்கிறது,
கையைக் கல்லாப்பெட்டிமேல் வைத்துக்கொள்கிறேன்.
அடியில் ஒரு நூலளவு
பல் படாத நகம் முளைத்திருக்கிறது.

முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்:
"அத எடுத்துரும்மா, வியாபாரம் படுக்குது."
ரிமூவரில் கரையாது சார், என்றேன்.
தானாக வளர்ந்து நகர்ந்தால்தான் உண்டு.
"எத்தன நாளு?"
விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன்.
அறுப்புக்கு நுனிக்கு வந்துரும்.