விரற்கடை

முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே
பின்னால் இருப்பவர் பார்வை
எத்தனை உயரத்தில் தாண்டிப் போக வேண்டும்?
எட்டாயிரத்து நானூறு இருக்கைக்கும்
கேள்வி இது ஒன்றுதான்.

ஒன்பது சென்டிமீட்டர் என்று எழுதினாள் ஹில்லெவி.

பின்லாந்தின் வடக்கே அந்தத் துறைமுக நகரில்
சரக்கு ரயில் நின்றுபோன இடத்தில் அப்போது
பனியும், துருவேறிய தண்டவாளமும்,
யாரோ தள்ளிவிட்டுப் போன ஒரு சோபாவும்தான்.
சோபாவுக்கு நேர் மேலே, பதினான்கு மீட்டர் உயரத்தில்
கடைசி வரிசையில் ஒருவரைக் கணினியில் உட்கார வைத்தாள்.
அவருக்கு முகம் கிடையாது. கண் மட்டும்.
அந்தக் கண்ணிலிருந்து ஒரு கோடு கிளம்பி
இருபத்தைந்து வரிசைத் தலைகளைத் தாண்டி
பனித்தளத்தின் இந்த ஓரத்தில் இறங்க வேண்டும்.
இறங்கியது.
காபி குடிக்கப் போனாள்.

நகர்மன்றத்தில் விடிய விடியப் பேச்சு.
பள்ளிக்கூடம் ஒழுகுகிறது, ஹாக்கிக்குக் கூரையா என்றார் ஒருவர்.
நம் ஊரில் நிற்காமல் தெற்கே போகிற
கச்சேரி லாரிகளை எண்ணி வைத்திருந்தார் இன்னொருவர்.
முப்பத்து நான்குக்கு முப்பத்து மூன்று.
ஒற்றை வாக்கில் பிழைத்தது அரங்கம்,
நாற்பது லட்சம் யூரோ இளைத்து.

"கூரையை ஒரு மீட்டர் இறக்குங்கள்," என்றார்
நிதிப் பிரிவின் ருஸ்கானென்.
"ஒன்பது ஆறானால் யாருக்குத் தெரியப்போகிறது?"

வெள்ளம் தலைக்கு மேலே போனால்
சாணென்ன முழமென்ன என்று சொன்னவர்
அரங்கம் கட்டியவர் இல்லை.
பார்வை தலைக்கு மேலே போகும்போது
விரற்கடையும் கணக்குத்தான்.

ஆறு என்று மாற்றினாள்.
கோடு இறங்கியது, குளிர்ந்த நீரில் கால் வைப்பதுபோல.

பிறகு பொதுமக்கள் கூட்டம்.
எல்லாரும் கார் நிறுத்துமிடம் பற்றியே கேட்டு முடித்ததும்
சக்கர நாற்காலியிலிருந்து இர்மெலி கை தூக்கினாள்.
"கோல் விழுந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்களே,
அப்போது நான் எதைப் பார்ப்பேன்?"

ஹில்லெவி வரைபடத்தைப் பார்த்தாள்.
அதில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.
நல்ல பிள்ளைகளாய் உட்கார்ந்தே இருந்தார்கள்,
கோலே விழாத ஓர் ஆட்டத்தின் ரசிகர்கள்.

"பழைய அரங்கில் இருபத்திரண்டு வருடம்
முதுகு பார்த்திருக்கிறேன்," என்றாள் இர்மெலி.
"யார் சட்டையில் என்ன கறை என்று சொல்வேன்."
கூடம் சிரித்தது.

அன்றிரவு கணினியில் அத்தனை பேரையும் எழுப்பி நிறுத்தினாள்.
கோடுகள் முதுகில் குத்திக்கொண்டு நின்றன.
மேடையை உயர்த்தினால் பின்னால் இரண்டு வரிசை போகும்.
ஓர் இருக்கை ஆண்டுக்கு எவ்வளவு ஈட்டும் என்று
ருஸ்கானென் ஒரு தாளை நகர்த்தினார்.
அவள் இன்னொரு தாளை நகர்த்தினாள்.
ஏழு வாரம் தாள்கள் நகர்ந்தன.
அறுபது சக்கர நாற்காலி இடங்களில்
முப்பத்தெட்டு உயர்ந்தன.
இருபத்திரண்டு உயரவில்லை.

களிமண்ணில் தூண் இறங்கிய நான்கு மாதம்
எதிர்த் தெருவில் கோப்பைகள் தட்டில் நடந்தன.
எஸ்தோனியாவிலிருந்து வந்த கிரேன்காரர் உர்மாஸ்
கடலை முதலில் பார்க்கும் இருக்கை தன்னுடையதே என்றார்.
சோபாவை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

திறப்பு விழா ஆட்டத்துக்குக்
காசு கொடுத்துச் சீட்டு வாங்கினாள்,
முகமில்லாதவர் உட்கார்ந்திருந்த அதே கடைசி வரிசையில்.
முன்னால் ஒரு நெட்டை மனிதர்,
உச்சியில் நூல்பந்து வைத்த கம்பளித் தொப்பி.
பனித்தளத்தின் இந்த ஓரம் தொப்பிக்குள் இருந்தது.

அந்த ஓரத்தில்தான் ஏதோ நடந்தது.
அரங்கமே எழுந்தது. அவள் எழவில்லை.
முதுகுகளின் இடுக்கில் எதிர் மேடையைத் தேடினாள்:
இர்மெலியின் இரண்டு கைகளும் மேலே.
அதற்குக் கீழே, மூலையில், ஒரு பையன்
நாற்காலியில் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு.

எல்லாரும் அமர்ந்ததும் நெட்டை மனிதர் திரும்பினார்.
"மறைக்கிறேனா?"
"மூன்று சென்டிமீட்டர்," என்றாள்.
அவர் மன்னிப்புக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார்.
உள்ளே அழுந்திக் கிடந்த முடி
மெல்ல மெல்ல எழுந்து நின்றது.