எண்பது எழுத்து

பச்சை என்றால் முடிந்தது,
சிவப்பு என்றால் பாக்கி.
திரைக்குத் தெரிந்த நிறம் இரண்டுதான்.
இரண்டிலும் அடங்காதவர்கள்
என் மேசைக்கு வருவார்கள்.

டுலூத், பிப்ரவரி, பதிவாளர் அலுவலகம்.
ஜன்னலுக்கு அப்பால் சுப்பீரியர் ஏரி
மூடிய கோப்பு மாதிரிக் கிடக்கிறதென்று
ஒருமுறை எழுதினேன்.
கோப்பு மாதிரியெல்லாம் இல்லை. பனிக்கட்டி.

போன வாரம் ஒரு பெண்.
கல்யாணத்துக்கு முன் அறுபத்திரண்டு கிரெடிட்,
பின் ஐம்பத்தெட்டு,
விவாகரத்துக்குப் பின் இரண்டு.
பெயர் மூன்று, ஆகவே ஆள் மூன்று என்கிறது கணினி.
மூவருக்கும் பட்டம் கிடையாது.
ஒட்டவைத்து ஒருத்தியாக்க
நாற்பது நிமிடம் பிடித்தது.

இன்று டுவேன் கங்காஸ்.
வயது அறுபத்து மூன்று.
பக்கம் முழுக்கப் பச்சை,
அடியில் ஒரே ஒரு வரி சிவப்பு:
உடற்கல்வி, நீச்சல், ஒரு கிரெடிட்.
கட்டணம் சேர்க்க எண்பத்து நாலு கோடையில்
தாதுக் கப்பலில் ஏறியவர்
முப்பத்தொரு வருடம் கழித்து இறங்கினார்.
சேர்ந்த வருடத்து விதிதான் செல்லும். அது விதி.

நீச்சல் துறை இப்போது இல்லை.
கையெழுத்திட வேண்டிய தலைவர் இல்லை.
குளமும் இல்லை. அதைத் தூர்த்து எழுப்பியதுதான்
எங்கள் கோப்பு அறை.

எளிதாக முடியும் என்று நினைத்து
போனில் கேட்டேன்,
"இத்தனை வருடம் ஏரியில்.
நீந்தத் தெரியும்தானே?"
"தெரியாது."
"கொஞ்சம்கூடவா?"
"நவம்பர் தண்ணீரில் நீந்தத் தெரிந்தவன்
பத்து நிமிடம் கூடுதலாகச் சாவான், அம்மா.
தண்ணீர் என்றாலே பயம் எனக்கு.
அதனால்தான் அந்த வகுப்புக்குப் போகவில்லை."

பொய் சொல்லியிருந்தால்
ஐந்து நிமிட வேலை.

பிறகு, வைக்கப் போகும்போது,
யாரையோ பற்றிச் சொல்வதுபோல்:
ஒவ்வொரு வசந்தத்திலும் புதுப் பையன்களுக்கு
மிதவை உடுப்பு மாட்டக் கற்றுக்கொடுத்தாராம்,
அறுபது நொடிக்குள், கண்ணைக் கட்டி.
"எத்தனை பேருக்கு?"
"எண்ணவில்லை. எல்லோரும் வீடு போனார்கள்."

மதியம் கோப்பு அறையில்
எண்பதாம் ஆண்டுக் கையேட்டைத் தேடினேன்.
அலமாரிக்குப் பின்னால் ஒரு வரிசை ஓடு
பெயர்க்காமல் விட்டிருக்கிறார்கள்:
ஆழம் பன்னிரண்டு அடி.
அங்கே நின்றுதான் படித்தேன், தலை நனையாமல்:
நீரில் தன்னையும் பிறரையும் காக்க
மாணவர் அறிந்திருக்க வேண்டும்.
நீந்த வேண்டும் என்ற சொல்
தலைப்பில் மட்டும்.

டீன் லொரேன் ஔபிட் இரண்டு முறை படித்தார்.
"பயிற்சிக்குச் சான்று?"
கப்பல் கம்பெனி அனுப்பிய பதினொரு பக்கம் நீட்டினேன்.
"மார்லிஸ், நாளைக்கு இன்னொருவர்
மீன் பிடித்தேன் என்று வருவார்."
"வரட்டும். அவரையும் கணக்குப் பார்ப்போம்."
கையெழுத்திட்டார், பெருமூச்சோடு.

விதிவிலக்குக்குக் காரணம் எழுத
கணினி தருவது எண்பது எழுத்து.
நீந்தவில்லை, யாரையும் மூழ்க விடவில்லை
என்று தட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.
அழித்தேன்.
எனக்குப் பின் இந்த நாற்காலியில் உட்காருபவருக்கு
அழகு எதற்கு உதவும்?
ஏரியில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்.
நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி, மாற்றாக ஏற்பு. டீன் ஒப்புதல். சான்று இணைப்பு.
சேமி.

நிறம் உடனே மாறாது.
இரவு இரண்டு மணிக்குத்தான்
கணினி எல்லோரையும் மறுபடி கூட்டிப் பார்க்கும்.
அதுவரை அவர் படிப்பை விட்டவர்.

போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எங்கோ ஒரு கெட்டில் விசிலடித்து ஓய்ந்தது.
"பட்டமளிப்பு எங்கே?"
"ஏரியோர அரங்கில், மே மாதம்."
"கரையில்தானே?" என்றார்.