முதல் பாடம்

புதுவயல் மில்லில் மழை விட்டுப் பத்து நிமிஷம்.
நெற்களத்தில் தேங்கிய தண்ணீர்,
தண்ணீருக்குள் ஒரு கேபிள்,
அதற்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடந்தான் சுமைக்காரன் அடைக்கலம்.

நான் நின்றேன்.
தோளில் பையோடு, ஈரம் தொடாத விளிம்பில்.
"நூத்தியெட்டுன்னு பேரு.
வேடிக்க பாக்கவா வந்தே?"
பாய்ந்தோடிய அவன் பெண்சாதியை
இடுப்போடு பிடித்து நிறுத்தினார் டிரைவர் சூசை.
அவர் முன்கையில் அவள் பல் இறங்கியது.

பயிற்சியில் முதல் நாளே சொன்னதுதான்:
இரண்டாவது நோயாளி ஆகாதே.
தேர்வில் ஒரு மார்க்.
எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன்.
ஆறாவது நிமிஷம் மூளைக்கு என்ன ஆகும் என்பதும்
அதே புத்தகத்தில்தான் இருந்தது.

மெயின் சுவிட்ச் அறைச் சாவி மேனேஜரிடம்.
மேனேஜர் காரைக்குடியில்.
கடப்பாறை வந்தது. பூட்டு தெறித்தது.
மில் முழுக்க இருட்டு.
ஓடினேன்.

மூச்சில்லை.
நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, உள்ளங்கை அடி,
முழங்கை மடங்காமல்.
ஊறிய நெல் முட்டியில் குத்த
ஒன்று, இரண்டு, மூன்று...
திட்டிய அதே குரல் இருட்டில் என்னோடு எண்ணத் தொடங்கியது.
பதினெட்டை விட்டுவிட்டது. நான் திருத்தவில்லை.

மார்பைத் துடைத்துப் பட்டைகளை ஒட்டினேன்.
"யாரும் தொடாதீங்க!" இம்முறை எல்லாரும் விலகினார்கள்.
எடுத்ததில் கொஞ்சம்
திருப்பிக் கொடுத்துப் பார்த்தது மின்சாரம்.

பெரியாஸ்பத்திரியில் ஒப்படைக்கையில் நாடி இருந்தது.
அதற்குமேல் எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வண்டியைக் கழுவிவிட்டு
சூசையின் கையை விளக்கில் பார்த்தேன்.
நாலு பல். ஆழம்.
"டி.டி. போட்டு எத்தனை வருஷம்ணே?"