விலைக்கு உள்ளவை

இந்த வாரம் என் கையில் இருப்பது:
கருக்கங்காட்டில் ஒன்றரைக் குறுக்கம் புஞ்சை,
கிணறு உண்டு, கயிறு இல்லை.
ஒரு மயிலைக்காளை; ஜோடி செத்துவிட்டது,
அதையும் சொல்லித்தான் விற்கிறேன்.
சுவீடன் எனாமல் வாளி ஏழு, மூடியோடு.
ஜப்பான் பீங்கான் தட்டு நாலு டஜன்,
பகைநாட்டுச் சரக்கு,
தாசில்தார் காதில் விழாமல் போக வேண்டும்.
ஆணி அரை வீசை.
ஆணிக்கு மட்டும் ஆள்மேல் ஆள்.

துண்டுக்கடியில் விரல் பேசும் தொழில்.
புதுவயல் சந்தையில் சேவுகன் கை என்றால்
கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார்கள்.
சண்டை வந்த பிறகு விரல் போதவில்லை.
காலையில் பிடித்த விலை
வெயில் ஏறும்முன் கைக்குள்ளேயே மாறிவிடுகிறது.
தரகுக் காசிலும் நடுவே ஓட்டை போட்டு
அனுப்புகிறான் சர்க்கார்.

காளை கன்னாத்தாளுடையது.
மகன் பட்டாளத்தில். எங்கே என்று கேட்டால்
கடுதாசியைக் காட்டுவாள்,
ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை.
"மணியார்டர் வருது. நெல்லு வரலியே."
பல்லைப் பிடித்துப் பார்த்தவனிடம் சொன்னாள்:
"பல்ல மட்டும் பாரு. வயித்தப் பாக்காத."

அப்புறம் அடைக்கப்பர் வந்தார்.
ரங்கூனிலிருந்து மணிப்பூர் வரை நடந்த கால்,
இன்னும் செருப்பு ஏறவில்லை.
கக்கத்தில் தகரக்குழல்.
அதற்குள் முந்நூற்று நாற்பது ஏக்கர்,
பியாப்பம் பக்கம், வண்டல் பூமி,
பத்திரம், முத்திரை, ரசீது எல்லாம் சுத்தம்.
"ஏக்கர் அஞ்சு ரூபாய்க்கானாலும் தள்ளிவிடு, சேவுகா."

துண்டை விரித்தேன்.
பெரியகருப்பன் அம்பலம் கையை நீட்டினார்.
கொள்முதல்காரன் கண்ணில் படாமல்
மூணு மூட்டை நெல்லைப்
படப்புக்குள் வைத்திருப்பவர்,
இன்றைய தேதிக்கு இந்த வட்டாரத்தில் அவர்தான் ராஜா.
ஒரு விரலும் நீட்டவில்லை.
மூடிய கையை என் கையில் வைத்தார்.
இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு விலையை
நான் பிடித்ததில்லை.

பிறகு வாய்விட்டே கேட்டார்:
"செட்டியாரே, அந்த நெலத்துல
நேத்து மழ பேஞ்சுதா?"

அடைக்கப்பர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
"இந்நேரம் கதிர் வாங்கியிருக்கும்" என்றார்,
யாரிடமோ சொல்வதுபோல்.

அன்று மத்தியானம் கூப்பன் வரிசையில் அவரைப் பார்த்தேன்.
ரங்கூன் அரிசி மட்டம் என்று
வேலையாட்களுக்கு அளந்துபோட்ட வீடு.
புழுத்த அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு
ஒரு மணி கீழே விழுந்ததற்குக் குனிந்தார்.

பொட்டலக்கடை காசீம் ராவுத்தர்தான்
மறுநாள் மெதுவாகக் கேட்டு அனுப்பினார்:
நல்ல தடித்தாள் என்கிறார்களே,
வீசை என்ன விலை?
கடுதாசிப் பஞ்சம், தப்பாக நினைக்க வேண்டாம்.
நான் போய்ச் சொன்னேன். தரகன் சொல்லாமல் இருக்கலாமா.
அடைக்கப்பர் குழலின் மூடியை
இன்னொரு சுற்றுத் திருகினார். அவ்வளவுதான்.
கதவுக்கு உள்ளே வளையல் சத்தம் கேட்டது.
உலகம்மை ஆச்சி எல்லாவற்றையும் கேட்டபடி
அங்கேதான் நின்றிருந்தார்.

ஐப்பசியில் உப்பு வாங்கினேன்.
பொட்டலம் கனமாக இருந்தது.
பிரித்தால், வட்டம் வட்டமாகப் பர்மா எழுத்து,
அதனடியில் பெட்டியடிப் பையன் எவனோ
தமிழில் குறித்து வைத்திருக்கிறான்:
கிழக்கே வாய்க்கால்.
வடக்கே சர்க்கார் பாதை.
மேற்கே மவுங் பா உழுகிற வயல்.
தெற்கு, இன்னொருவர் வீட்டு உப்போடு போயிருக்கும்.

விற்றது யார் என்று ராவுத்தரைக் கேட்கவில்லை.
கேட்டால் தரகு கேட்டதாக ஆகும்.
குழல் இன்னும் அடைக்கப்பர் கக்கத்தில்தான் இருக்கிறது.
திறந்து பார்ப்பதில்லை.
முன்னைவிட லேசாகத்தானே இருக்கும்,
நடக்கும்போது தெரியாமலா இருக்கும்?

உப்பைச் சட்டியில் கொட்டிவிட்டுத்
தாளை விளக்கடியில் விரித்தேன்.
மண்ணெண்ணெய் கால் படிதான் மிச்சம்,
இருந்தாலும் திரியைத் தூண்டினேன்.
முந்நூற்று நாற்பது ஏக்கரில்
உழுதவன் என்று எழுதியிருப்பது ஒரே பெயர்,
அதுவும் எல்லைக்கு.

மவுங் பா,
உன் பக்கம் மழை எப்படி?
காளை இரண்டும் உயிரோடிருக்கிறதா?
இங்கே ஒற்றைக்காளை ஒன்று நிற்கிறது.
வயது நாலு. சுழி சுத்தம்.