மீதி இருபத்தாறு நிமிடம்

பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி,
அதன் கீழே சிவமயம்,
அதன் கீழே:
"பந்து ஒன்று, மலாயாவிலிருந்து வந்த வகையில், வரவு."
அனுப்பியவர் பெயர் இல்லை.
காற்றுப் போயிருந்தது என்று
ஓரத்தில் பென்சில் குறிப்பு.

வேலங்காவயல் வாலிபர் கால்பந்துக் கழகத்தின்
பொருளாளர் பதவி எனக்கு வந்தது
என் முழங்காலால்.
எழுபத்தொன்பதில் அது திரும்பிக்கொண்ட திசையில்
இன்னும் திரும்பியே இருக்கிறது.
கையெழுத்து மட்டும் நேர்.

தண்ணீர் இருந்தால் கண்மாய்,
இல்லாவிட்டால் மைதானம்.
சேறு ஓடாகி, ஓடு பொடியாகி,
மாசிக் களரிக்குக் கிடாய் வெட்டிய மறுநாள்
மூங்கில் ஊன்றுவோம்.
ஐப்பசியில் கெண்டைக் குஞ்சுகளுக்கு விட்டுக்கொடுப்போம்.
ஊரே மழை கேட்டுக் கும்பிடுகையில்
பதினொரு பேர் மட்டும்
வாயசைத்துவிட்டுச் சும்மா நிற்பார்கள்.

மாவட்டச் சங்கத்துக்கு மூன்று முறை மனு.
கட்டணம் இருநூற்றைம்பது, பற்று.
அளக்க வந்தவருக்குக் கோழிக் குழம்பு, பற்று.
அவர் நாடா நாலு முழம் இடித்தது:
கார்னர் கொடி நட வேண்டிய இடத்தில் ஐயனார் குதிரை.
"இதை நகர்த்த முடியுமா?" என்றார்.
குதிரையைப் பார்த்தோம்.
அவரைப் பார்த்தோம்.
பதில் தபாலில் வந்தது:
"பதிவேட்டின்படி மேற்படி இடம் நீர்நிலை."
லீக்கில் நாங்கள் இல்லை.
அதனால் கடைசி இடத்திலும் இல்லை.

அணியில் ஒரே ஜோடி பூட்ஸ், மெய்யருடையது.
இடது அவன் காலில்,
வலது வெள்ளைக்கண்ணு காலில்.
அந்த வீட்டு முகப்பு ஏறாத கால்
அந்த வீட்டுப் பூட்ஸில் ஓடியது.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல்
எழுதாமல் விட்டேன்.

எண்பத்தேழு சித்திரை.
ஊருணிப்பட்டியோடு இறுதிப் போட்டி.
வெள்ளைக்கண்ணு அந்த வலது காலால் ஒன்று போட்டான்.
அறுபத்து நாலாவது நிமிடம் மடைப்பக்கம் எங்கள் த்ரோ.
சிக்கந்தர், பரோட்டா மாவு காயாத முழங்கையோடு,
பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான்.
கொட்டியது கோடை மழை.
நடுவர் ஞானதுரை ஊதினார்,
விசிலில் தண்ணீர்தான் வந்தது.
"ஒன்றுக்குப் பூஜ்யம். நிறுத்தம்.
மீதி இருபத்தாறு நிமிடம்."

பங்குனி தோறும் ஐந்தொகையில்
அந்த இருபத்தாறை அடுத்த ஏட்டுக்கு ஏற்றினேன்.
கல்யாணப் பந்தியில் ஊருணிப்பட்டிக்காரன்
எதிர் இலையில் உட்கார்ந்தால்
ரசத்துக்கு முன்னால் கேட்பான்:
"எப்ப வச்சுக்கலாம் அதை?"
கோப்பை இரு ஊருக்கும் பொதுவாக உரக்கடையில்;
உள்ளே சில்லறை போட்டு வைத்தார்கள்.

கோல்கீப்பர் சவரியப்பன் இறந்தான். மாலை, பற்று நாற்பது.
ஆக்கிரமிப்பு அகற்ற வந்த ஜேசிபி
கருவேலத்தோடு கோல் கம்பங்களையும் பிடுங்கியது.
அறிக்கையில்,
"இன்னதென்று தெரியாத கட்டுமானம், இரண்டு."

போன வைகாசியில்
வெள்ளைக்கண்ணு மகள் பூமயில் வந்தாள்,
பின்னால் பத்துப் பெண்கள்.
ஊருணிப்பட்டியிலும் பேசி முடித்திருந்தார்கள்.
"அந்த இருபத்தாறை நாங்க ஆடிடுறோம் மாமா.
எங்கருந்து தொடங்கணும்?"
பேரேட்டைப் புரட்டினேன்.
மடைப்பக்கம், நம்ம த்ரோ.

பத்தாவது நிமிடத்தில் ஒன்று வாங்கினோம்.
கடைசி நிமிடத்தில், குதிரை ஓரத்துக் கார்னரில், இன்னொன்று.
ஊருணிப்பட்டிப் பெண்கள்
சில்லறையைக் கொட்டிவிட்டுக் கோப்பையைத் தூக்கினார்கள்.

வெள்ளைக்கண்ணு என்னிடம் வந்து
மெதுவாகக் கேட்டான்:
"என் கோலு இன்னும் இருக்குல்ல?"
இருக்கு என்றேன். பக்கத்தைக் காட்டினேன்.
அவனுக்கு இப்போது கண் சரியில்லை,
விரலால் தடவிப் பார்த்தான்.

இரவு எழுதினேன்:
ஒன்றுக்கு இரண்டு. பாக்கி இல்லை.
முப்பத்தேழு வருடம் ஏற்றிய எண்
ஏற இடமில்லாமல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அடுத்த வரி:
பந்துக்குக் காற்று, ரூபாய் பத்து, பற்று.