ஒன்றும் நடக்காததற்குச் சம்பளம்

பத்தொன்பது வருஷம்
குன்னூரிலிருந்து கல்லாறு வரை
பெட்டியின் முன்மேடையில் நின்று
பிரேக் சக்கரம் சுற்றியவன் நான்.
எஞ்சின் ஊதினால் இறுக்கு,
மறுபடி ஊதினால் தளர்த்து.
பன்னிரண்டு அடிக்கு ஓரடி சரிவு.
இத்தனை வருஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததற்குத்தான் சம்பளம்.

மலத்தில் ரத்தம் வந்தது.
மூலம் என்று நானே முடிவுசெய்து
ஆறு மாதம் கருணைக்கிழங்கு தின்றேன்.

டாக்டர் ஹெப்சிபா
காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம்
குடலை வரைந்தார்,
கொண்டை ஊசி வளைவு மாதிரி.
உள்தோல் நாலைந்து நாளில் உதிரும்,
புதிது முளைக்கும்,
அதற்குச் செல் இரண்டாக வேண்டும்;
'ஆகு' என்று சொல்ல ஓர் ஆள்,
'போதும்' என்று சொல்ல ஓர் ஆள்.
போதும் என்பவனை எனக்குத் தெரியும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஒரு பிரேக் போனதும் வந்துவிடாதாம்.
ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறது உடம்பு,
அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று.
இரண்டும் தேய வேண்டும்.
நடுவில் ஏதோ ஓர் ஆக்சிலேட்டர்
மிதித்தபடியே சிக்கிக்கொள்ள வேண்டும்.
பிறகு இன்னொரு ஜோடி.
பத்து வருஷம் ஆகியிருக்கும் என்றார்.

பத்து வருஷம்!
ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க,
ஒரு கையால் குரங்கை விரட்டி
மறு கையால் நான் வடை தின்ற மதியங்களில்
எனக்குள் ஒரு பெட்டி
கழன்று
இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கேயும் ஒரு காவல்காரன் உண்டாம்.
நகலெடுத்த எழுத்து பிசகினால் நிறுத்துவான்.
திருத்தச் சொல்வான்.
திருந்தாவிட்டால்
செத்துப்போ என்பான்.
அதுவும் செத்துப்போகும்,
பக்கத்துச் செல்லுக்குத் தொந்தரவில்லாமல்.
இந்த இடத்தில் என் ரயில் உதவவில்லை.
எங்கள் ரூல் புத்தகத்தில்
அப்படி ஒரு விசில் கிடையாது.

"அவன் என்ன ஆனான்?" என்றேன்.
கடைசியாகப் போனவன்
அவனாகத்தான் இருக்கும் என்றார்.
தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.
மறுபக்கம் மார்கழி.

இன்று டிக்கெட் எடுத்து இறங்குகிறேன்.
நாளை மறுநாள் கோயம்புத்தூரில் ஆபரேஷன்.
என் மேடையில் புதுப்பையன் செல்வின்,
பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறான்.
இடுக்கக் கூடாது என்று சொல்ல வாய் வந்தது.
ரன்னிமேடு தாண்டியதும் விசில்.
மடியில் கிடந்த என் கை
தானாக இறுகியது.

கட்டைவிரலில் ஒரு வடு.
போன மாதம் சக்கரப் பிசிறு கிழித்தது.
இரண்டு கரையிலிருந்தும் தோல் வளர்ந்து வந்து
ஒன்றை ஒன்று தொட்டதும்
நின்றிருக்கிறது.
ஒரு மயிரிழை கூட மேலே போகவில்லை.
யார் ஊதினார்கள்?

எதிர் சீட்டில் ஒரு குழந்தை
சுரங்கம் வரும்போதெல்லாம் கத்தியது.
நான் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்,
கல்லாறில்
பல்சக்கரம் தண்டவாளத்தை விடும்
அந்தக் குலுக்கல் வரை.