வஸ்மி தண்ணீர் லாரி ஓட்டுகிறான்

பிரசவ வார்டின் பதிவு மேசையில்
எகிப்துக்காரர் ஷஹாத்தா
இரண்டாம் முறையும் தப்பாக எழுதுகிறார்:
வஸீம்.
வஸீம் என்றால் அழகன்.
என் முகத்தை ஒருமுறை பாருங்கள் ஐயா,
பதினெட்டு வருடம் டீசலும் வெயிலும் தின்று
மீதி வைத்த முகம்.
கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றுங்கள்.
வஸ்மி.

அப்படியொரு பெயர் உண்டா என்கிறார்.
உண்டு.
இதோ உங்கள் எதிரில் வியர்த்துக்கொண்டு நிற்கிறது.

சுஹைல் விண்மீன் தெற்கே தலைகாட்டி
ஐம்பது சொச்சம் இரவு கழிந்தபின் வருகிற
முதல் மழைக்கு எங்களிடம் அந்தப் பெயர்.
மண்ணில் பச்சையாய் ஓர் அடையாளம் வைத்துப் போகுமாம்,
இரும்பைப் பழுக்கக் காய்ச்சி
இது இன்ன குலத்தது என்று
ஒட்டகத் தொடையில் இழுக்கிற கோடு மாதிரி.
அந்தக் கோட்டுக்கும் இந்த மழைக்கும்
அரபியில் வேர் ஒன்றே.
ஒன்றில் மயிர் கருகும் நாற்றம்,
மற்றதில் நனைந்த மணல்.
எல்லாருக்கும் பெயர் சூட்டுவார்கள்.
எனக்குச் சூடு போட்டார்கள்.

நான் பிறந்த வருடம் வானம் பொய்த்தது.
அப்பா ஃபர்ராஜ் அறுபத்திரண்டு ஆட்டில் நாற்பதை விற்றார்.
மீதிக்குத் தீவன மூட்டை, கடனில்.
நவம்பரில், ஒரு துணுக்கு மேகமும் இல்லாத மாலையில்,
வந்தது நான்.
பட்டினிக்காரன் வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றுவதுபோல
வராத மழையின் பெயரை
என் தலையில் ஏற்றினார்.
கூப்பிட்டால் வருமென்று நினைத்திருக்கலாம்.
அம்மா வத்ஹா கூடாரத்துக்கு வெளியே நின்று
"வஸ்மீ, வஸ்மீ" என்று கத்துவாள்.
அக்கம்பக்கத்தார் அண்ணாந்து பார்ப்பார்கள்.
நான்தான் வருவேன், மூக்கு ஒழுக.

ஹஃபர் அல்-பாத்தின் பள்ளியில்
ஐந்து அப்துல்லா, நான்கு ஃபஹத்.
அப்துல்லா பேசினான் என்றால்
அடி ஐந்தாகப் பங்கு பிரியும்.
வஸ்மி பேசினான் என்றால்
முழுசும் எனக்கு.
அரிய பெயரின் வரவு செலவு
அவ்வளவுதான்.

இப்போது முதுகில் பதினெட்டாயிரம் லிட்டர்.
பாலைவனத்துக் கொட்டில் கொட்டிலாகத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
"வஸ்மி இன்னும் வரவில்லையே" என்று போன் செய்வார்கள்.
அக்டோபர் கடைசியில் அதையே
வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.
அப்போதும் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி.
உள்ளபடி சொன்னால்,
என் பெயர் வந்தால் என் பிழைப்பு போகும்.
அப்படிப் பெய்த ஒரு வருடம்
வேலையற்று, மண்ணுக்குள் விளையும் காளான் தேடிப் போனேன்.
சேற்றில் புதைந்த ஒரு பிக்கப்பைக்
காலி லாரியால் கட்டி இழுத்தேன்.
ஓட்டி வந்தவனுக்கு ஒரு தங்கை இருந்தாள்.
அபீர்.

அபீர் நேற்றே முடிவு செய்துவிட்டாள்: ரய்யான்.
ரய்யானா? தெருவுக்கு நாலு ரய்யான்!
இந்த வாரம் மட்டும் இங்கே ஆறு என்கிறார் ஷஹாத்தா.
அவர் கை அதைத் தூக்கத்திலும் பிழையின்றி எழுதும்.
நான் முணுமுணுத்தேன்.
தையல் வலியோடு அவள் திரும்பிப் படுத்தாள்:
"என் பிள்ளை மேசை மேசையாய்ப் போய்
அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்."

சரிபார்க்கப் படிவம் என் கைக்கு வருகிறது.
ரய்யான் பின் வஸ்மி பின் ஃபர்ராஜ்.

ரய்யான்.
தாகம் தீர்ந்தவன்.
ஊரெல்லாம் வைக்கிற பெயர்,
அதனால் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.
நானும்.

இன்னொரு தடவை வாசிக்கிறேன்.
ஷஹாத்தா பேனாவை மூடுகிறார்.

வாசலில் காவலாளி கத்துகிறான்:
ஆம்புலன்ஸ் வழியில் யாருடைய தண்ணீர் லாரி?
வால்வை இறுக்காமல் ஓடி வந்திருக்கிறேன்.
முற்றம் முழுக்க ஈரம்.